ஜோடியில் இரண்டாவது

கை வெக்காதீங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, விரல் ஈரம் பட்டா இரும்புல அப்படியே பதிஞ்சிரும், நாளைக்குப் பாத்தா துரு. இந்தாங்க, இந்தத் துணியில தொடச்சுட்டு எடுங்க. கையத் தொடைங்க, துப்பாக்கிய இல்ல. ம், இப்ப எடுங்க. குழல் ஆளப் பாக்கக் கூடாது. காலின்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் மடக்கித் தொறந்து பாத்துட்டுத்தான் மத்த பேச்சு. ரெண்டு ஓட்டையிலயும் வெளிச்சம் தெரியுதுங்களா? அதுதான் என்ற வீட்டுச் சட்டம்.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? துப்பாக்கி சேக்கறவங்க வாட்ஸப் குரூப்புல நான் போட்ட போட்டோவப் பாத்துட்டுத்தான். 'ஜோடி சேர்ந்துருச்சு'ன்னு எழுதிப் போட்டிருந்தேன். கை தட்டுன படம் என்ன, மாலை போட்ட படம் என்ன, போன் நிக்காம கத்துச்சு. பொறவு அழிச்சுட்டேன். அதுக்குள்ள நீங்க எடுத்து வெச்சுட்டீங்க. சென்னையிலிருந்து வண்டி ஏறி வந்து, 'ரெண்டாவது எங்க சார்?'ங்கறீங்க.

இல்லீங்க. இங்க ஒண்ணுதான் இருக்குது.

உக்காருங்க, சொல்றேன். சுலோச்சனா, தம்பிக்குக் காப்பி! கொண்டாருவா. பதில் மட்டும் சொல்ல மாட்டா. ஒன்றரை மாசமா அப்படித்தான். பொம்பளைங்களுக்கு ஒரு சமயம் அப்படி வரும், நாம பெருசா எடுத்துக்கக் கூடாது.

ஒரே கம்பெனி துப்பாக்கி ரெண்டு இருந்தா ஜோடின்னு நம்ம குரூப்புலயே பாதிப் பேரு நெனச்சுட்டு இருக்கான். அது இல்லீங்க. அந்தக் காலத்துல தொரைங்க வேட்டைக்குப் போறப்ப, ஒண்ணுல சுட்டுட்டு நீட்டுனா பின்னாடி நிக்கிற ஆளு தோட்டா போட்ட இன்னொண்ணக் கையில குடுப்பான். கை மாறுனது தோளுக்குத் தெரியக் கூடாது. அதுக்காக ஒரே மரத்துல கட்டை அறுத்து, ஒரே எடையில, ஒரே வளைவுல செய்யறது. அடுத்தடுத்த நெம்பரு. குழல் மேல தங்கத்துல ஒண்ணு, ரெண்டுன்னு பதிச்சிருப்பான். இதுல பாருங்க, இங்க. ஒண்ணு. எப்படி மின்னுது பாருங்க.

இருபத்திமூணு வருசத்துக்கு முன்னால வால்பாறையில ஒரு எஸ்டேட் கணக்குப்பிள்ளை சம்சாரத்துகிட்ட வாங்குனது. அன்னையிலிருந்து ரெண்டாவதத் தேடறேன். மில்லுல மெயின்டனன்ஸ் போர்மேன் வேலை, இருக்கற லீவெல்லாம் இதுக்கே போச்சு. குன்னூர், கொடைக்கானல், மூணாறு, போகாத எடமில்ல. என்ற பொண்ணு வளைகாப்பன்னிக்கு ஒரு ஆளு போன் பண்றான், மூணாறுல ரெண்டுன்னு போட்ட துப்பாக்கி இருக்குதுன்னு. பந்தி நடக்குது, நான் பின்வாசல் வழியாக் கெளம்பிட்டேன். போயிப் பாத்தா வேற கம்பெனி. அதச் சொல்லிக் காட்டாத நாளில்ல இவ. நான் என்ன சீட்டாடவா போனேன்?

இன்னொண்ணும் சொல்லோணும். இந்த இடது குழலுக்குள்ள பாருங்க. நடுவுல ஒரு எடத்துல வளையமா நெழல் தெரியுதா? முந்தி வெச்சிருந்தவன் எவனோ குழல்ல சேறு அடைச்சது தெரியாமச் சுட்டிருக்கான். அந்த எடம் உப்பிப் போச்சு. வெளிய தட்டி, ராவி, கருப்பேத்தி வித்துட்டானுக. பார்வைக்கு ஒண்ணும் தெரியாது. கோயமுத்தூர்ல துப்பாக்கி ரிப்பேர் பாக்கற ஹைதர் பாய்தான் கண்டுபிடிச்சாரு. அளந்து பாத்துட்டு, "இங்க அட்டை கனம்தாங்க இருக்குது. கை பிடிக்கற எடத்துக்கு நாலு விரக்கடை முன்னால. இதுல தோட்டா போட்டா அந்தக் கை இருக்காது. சொவத்துல மாட்டிக்கோங்க"ன்னாரு. நான் போட்டதே இல்ல. எனக்குச் சுடறதுல இஷ்டமும் இல்ல தம்பி. ஞாயித்துக்கிழமை கழட்டி, எண்ணெ போட்டு, மாட்டி, சித்த நேரம் மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பேன். அவ்வளவுதான். இந்த வீட்டுக்கு வர்ற ஒறம்பரைக்கெல்லாம் ஹைதர் பாய் சொன்னதச் சொல்லிச் சொல்லி, சுலோச்சனாவுக்கே அது மனப்பாடம்.

இப்ப தேர்தல் வந்துச்சுங்களா. உங்களுக்குத் தெரியாததில்ல, தேதி அறிவிச்சதுமே ஸ்டேஷன்லருந்து போன் வந்துரும். லைசென்ஸ்காரங்க எல்லாரும் துப்பாக்கிய ஒப்படைக்கோணும், ஓட்டு எண்ணி முடிச்சுத்தான் திரும்பத் தருவாங்க. மத்தவங்க முழுசாக் கொண்டாந்து மூலையில சாத்திட்டுப் போவாங்க. எனக்கு மனசு கேக்காது. கட்டை தனியா, குழல் தனியாக் கழட்டி, ஹைதர் பாய் தெச்சுக் குடுத்த காக்கிக் கித்தான் பையில போட்டுக் கொண்டு போவேன். ஸ்டேஷன் ரைட்டரு கட்டையில நெம்பர் எழுதி ஒரு சீட்டுக் கட்டுனாரு. குழல்லயும் ஒண்ணு கட்டறேன்னாரு. நான்தான், "வேண்டாங்க, கம்பி ஒரசுனா கீறல் விழுந்துரும்"னேன். அவரும் சரின்னுட்டாரு. அன்னைக்கு அது எவ்வளவு பெரிய வேலைன்னு எனக்குத் தெரியல.

திரும்ப வாங்கற அன்னைக்குக் கூட்டம். எனக்கு முன்னால ஒருத்தரு, நஞ்சப்பன்னு, மலையடிவாரத்துல கொழிஞ்சிக்காட்டுக்காரரு. பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வெச்சிருக்காரு. பன்னி வந்தா வானத்தப் பாத்து ஒரு வெடி, அதுக்குத்தான். அவர்கிட்டயும் அதே மாதிரி காக்கிப் பை. அவரும் எப்பவோ கட்டைய மட்டும் ஹைதர் பாய்கிட்ட ரிப்பேருக்குக் குடுத்திருக்காரு. ரெண்டு பையையும் ஒரே மேசையில பிரிச்சு, கட்டையில இருந்த சீட்ட மட்டும் பாத்தாங்க, சீட்டு இல்லாத குழல ஆளுக்கொண்ணாத் திரும்பப் போட்டாங்க. அவரு கையெழுத்துப் போட்டுட்டுப் பையத் தோள்ல மாட்டிட்டுப் போயிட்டாரு.

நான் அப்படியே வாங்கிட்டு வர்ற ஆளில்லியே. எங்காச்சும் கீறல் இருக்குதான்னு குழல உருவிப் பாத்தேன்.

தங்கத்துல 'ரெண்டு'ன்னு இருந்துச்சு.

கண்ணாடியத் தொடச்சுப் போட்டு மறுபடியும் பாத்தேன் தம்பி. நெசமாத்தான் சொல்றேன், தாலி கட்டறப்பக் கூட நான் அப்படிப் பாத்துட்டு நின்னதில்ல. இருபத்திமூணு வருசம் மலை மலையாச் சுத்துனவன் நான், அது இருபத்திரெண்டு கிலோமீட்டர்ல ஒரு சோளக்காட்டுல கெடந்திருக்குது. ரைட்டரு நோட்டத் திருப்பி, "எல்லாம் சரியா இருக்குதுங்களா?"ங்கறாரு. சன்னல்ல பாக்கறேன், நஞ்சப்பன் எதிர்த்தாப்ல பஸ் ஸ்டாப்புல நிக்கிறாரு. தோள்ல பை. கூப்புட்டாக் கேக்கற தூரந்தான்.

"சரியா இருக்குதுங்க"ன்னு கையெழுத்துப் போட்டேன்.

ஒரே ஒரு நாளுன்னுதான் நெனச்சேன். வீட்டுக்குக் கொண்டு போயி, கண்ணு நெறையப் பாத்துட்டு, மறுநாள் குடுத்தர்றதுன்னு. உங்களுக்கு நான் வெளக்கிச் சொல்லோணுமா? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்ல மாட்டீங்க. சரி விடுங்க.

வீட்டுக்கு வந்து என்ற கட்டையில மாட்டிப் பாத்தேன். ஒக்காந்துச்சு, ஆனா ஒரு நூல் அசைவு. ஜோடின்னாலும் அதது குழல் அததுக்குத்தான் சேரும். அந்தக் குழல் உள்ளாற கண்ணாடியாட்டம் இருந்துச்சு தம்பி. காட்டுக்காரரு எண்ணெ போடத் தெரிஞ்ச ஆளுதான். ஒண்ணோட கட்டையும் ரெண்டோட குழலும் சேந்தாப்ல போட்டோ எடுத்தேன், குரூப்புல போட்டேன். திரும்பிப் பாத்தா சுலோச்சனா நிக்கிறா. நடந்ததச் சொன்னேன்.

"ஏனுங்க, இது அவரு குழல்னா, நம்ம குழல் அவர்கிட்ட இருக்குதுங்களா?"

"ஆமா."

"அவரு அதுல வெடி வெப்பாருங்களா?"

அப்பத்தான் எனக்கு ஹைதர் பாய் சொன்னது நெனப்பு வந்துச்சு. ஆனா நான் தெகிரியமாத்தான் சொன்னேன். "ரெண்டு விசை இருக்குது. முன் விசை வலது குழலுக்கு. எவனும் மொதல்ல அதத்தான் அமுக்குவான். ஒரு வெடியிலயே பன்னி ஓடிரும், இடது குழலுக்கு வேலையே வராது"ன்னேன்.

"மொதல் வெடிக்கு ஓடலீன்னா?"

துப்பாக்கியப் பத்தி ஒரு நாளும் கேக்காதவ, கேட்டா இப்படித்தான் கேப்பா.

மறுநாள் போலாம்னுதான் இருந்தேன். மூடமாட்டம் இருந்துச்சு, மழை வந்தா இரும்பு நனஞ்சிரும். அதுக்கு மறுநாள் பெரிய மச்சான் வந்துட்டாரு. அப்படியே தள்ளிப் போச்சு. காத்தால அஞ்சரைக்கே எந்திரிச்சு கேட்டுகிட்ட நின்னு பேப்பர் வாங்குனேன். மாவட்டச் செய்திப் பக்கத்த மொதல்ல பிரிப்பேன். ஒண்ணும் இல்லீன்னா டீ எறங்கும். எதுக்காகன்னு நான் வாய் விட்டுச் சொல்லல. ஆனா சுலோச்சனா அடுப்படியிலிருந்தே, "ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?"ம்பா. "மழை இல்லியாம்"பேன். டப்புன்னு எங்காச்சும் சத்தம் கேட்டா ரெண்டு பேரும் நிமிந்து பாப்போம். பக்கத்து வீட்டுப் பசங்க பலூன் ஒடச்சாக் கூட.

நாலாம் நாளு மனசு கேக்காம ஹைதர் பாய்கிட்டக் கேட்டு அவரு போன் நெம்பர் வாங்கிப் போட்டேன். ஒரு பொம்பளை எடுத்துச்சு. "அவரு காட்டுல இருக்காருங்க. நீங்க யாருங்க?"ன்னுச்சு. நான் கேக்க நெனச்சது ஒண்ணே ஒண்ணுதான், அவரு கை நல்லா இருக்குதான்னு. அத எப்படிங்க கேக்கறது? கட் பண்ணிட்டேன். ஆனா காட்டுல இருக்காருன்னா நல்லாத்தானே இருக்காருன்னு அன்னைக்கு நல்லாச் சாப்புட்டேன்.

நீங்க கேக்கலாம், 'இடது குழல்ல போடாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு. சொல்லலாந்தான். சொன்னா, குழல் மாறுனது எனக்குத் தெரியும்னு ஆயிருமில்லீங்களா? தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்னு ஆயிரும். லைசென்ஸ் போயிரும். எல்லாத்தையும் யோசிக்கோணுமில்ல.

ஒன்பதாம் நாளு பேப்பரப் பிரிக்கறேன், 'துப்பாக்கி வெடித்து விவசாயி கை சிதைந்தது'.

அதுக்குக் கீழ எனக்கு எழுத்துத் தெரியல. கண்ணாடி போட்டும் தெரியல. பேப்பரக் கொண்டு போயி சுலோச்சனாகிட்ட நீட்டுனேன். அவ கையக் கழுவிட்டு வந்து, நின்னுட்டே கடைசி வரைக்கும் படிச்சா. நான் அடுப்பையே பாத்துட்டு நிக்கறேன். "வேற மாவட்டம். நாட்டுத் துப்பாக்கியாம்"னா. எனக்கு உசுரு வந்துச்சு. "அப்பாடா"ன்னேன்.

அவ பேப்பர மடிச்சு வெச்சா, அடுப்ப நிறுத்துனா, உள்ள போயி வேற சீலை கட்டிட்டு வந்தா. காக்கிப் பையத் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டா. இத்தனை வருசத்துல அவ அதத் தொட்டதே இல்ல. "கெளம்புங்க"ன்னா.

அவ சொல்லலீன்னாலும் நான் அன்னைக்குப் போயிருப்பேன். அத நீங்க நம்போணும்.

ஸ்கூட்டர்ல போனோம். பின்னாடி மடியில பைய வெச்சுட்டு உக்காந்திருந்தா. கொழிஞ்சிக்காடு பிரிவுல திரும்பி, மண்ரோட்டுல ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். டமார்னு ஒரு சத்தம். மலையில பட்டுத் திரும்பி வருது. காட்டுக்குள்ளருந்து மயிலு கூட்டமா எந்திரிச்சுப் பறக்குது.

வண்டி ஆடிப் போச்சு. "முருகா"ன்னா. நான் நிறுத்தறதுக்குள்ள எறங்கி, பையோட வரப்புல ஓடறா தம்பி. அறுபது வயசு, மூட்டு வலிக்காரி, செருப்பு ஒரு பக்கம் கெடக்குது. "பையக் கீழ போட்டராதே"ன்னு நான் கத்துனேன். அதச் சொல்லியிருக்கக் கூடாதுதான். வாயில அதுதான் வந்துச்சு.

போயிப் பாத்தா நஞ்சப்பன் கெணத்து மேட்டுல நிக்கிறாரு. கையில ஊதுவத்தி. தீபாவளிக்கு மிச்சமாயி வெச்ச அணுகுண்டுப் பட்டாசு, அதத்தான் வெச்சிருக்காரு. ரெண்டு கையும் இருந்துச்சு. பத்து விரலும் இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு, பொய் சொல்லல.

அவரு பையப் பாத்ததுமே சிரிச்சாரு. "வந்துட்டீங்களா? நான் அன்னைக்கே வீட்டுக்கு வந்து மாட்டிப் பாத்தேனுங்க, ஆடுச்சு. என்றதுல ரெண்டுன்னு இருக்கும், இதுல ஒண்ணுன்னு இருந்துச்சு. மறுநாளே ஸ்டேஷனுக்கு ஓடுனேன். மூணு தடவை போனேனுங்க. அந்தப் பெரியவரு சரியா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு, நீ எதுக்கு வந்து வந்து நிக்கறேன்னு தொரத்திட்டாங்க. உங்க பேரும் சொல்லல. சரி, எண்ணெ போடறப்பப் பாத்தாத் தெரியும், வந்துருவீங்கன்னு இருந்துட்டேன்"னாரு.

"நீங்க சுடலீங்களா?"ன்னு கேட்டேன்.

"அடுத்தவங்க பொருளுங்களே, நான் எப்படி அதுல வெடி வெக்கறது?"ன்னாரு.

அவ்வளவுதான் தம்பி. இடது குழல் மெலிசுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. அடுத்தவங்க பொருளுன்னு போர்வையில சுத்திப் பீரோவுல வெச்சிருக்காரு. பாத்தீங்களா, நான் ஒன்பது நாளு பயந்தது பூராவும் வீண்.

சோளந்தான் போயிருச்சு. மூணு ஏக்கரா மக்காச்சோளம், கதிர் முத்தி இன்னும் பத்து நாள்ல அறுக்கற பக்குவம். வேலியிலிருந்து கெணத்து மேடு வரைக்கும் படுத்துக் கெடந்துச்சு. "தகரம் தட்டுனேன், பட்டாசு வெச்சேனுங்க. ரெண்டு நாளு பயந்துச்சு, அப்புறம் பழகிருச்சு. அந்த வெடிச் சத்தத்துக்குத்தான் அதுக பயப்படும்"னு அவரே சொன்னாரு. யாரையும் கொறை சொல்லல. அவரு சம்சாரம் ஒடஞ்ச கதிர மாட்டுக்குப் பொறுக்கிட்டு இருந்துச்சு, நிமிந்து கூடப் பாக்கல.

டீ குடுத்தாரு. குழல மாத்திக்கிட்டோம். என்றத வாங்கி மடியில வெச்சதுக்கப்புறந்தான் மூச்சு வந்துச்சு. அப்பக் கேட்டாரு. "நீங்க எப்பங்க பாத்தீங்க?"

"இன்னைக்குக் காத்தாலதாங்க. பாத்ததும் ஓடியாந்தேன்"னேன்.

"பாவம், இந்த வெயில்ல அம்மாவையும் கூட்டிட்டு"ன்னாரு. சுலோச்சனா டீயத் தொடல.

இங்கதான் என்ற தப்பு எதாச்சும் இருந்தா நீங்க சொல்லோணும். நான் மெதுவாத்தான் பேச்செடுத்தேன். இந்தத் துப்பாக்கி எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். அவங்கய்யன் எஸ்டேட்ல காவக்காரரா இருந்தாராம், தொர ஊருக்குப் போறப்பக் குடுத்துட்டுப் போனாராம். குடுக்கறதா இருந்தா என்கிட்ட குடுங்கன்னேன். அவரு காட்டப் பாத்தாரு. "எங்கய்யன் வெச்சிருந்தது. குடுக்கற யோசனை இல்லீங்க. ஆனா இந்த வருசம் இப்படி ஆயிப் போச்சு. உங்களாட்டம் நாணயமான ஆளுகிட்டப் போனாப் பரவால்லீங்க. எடுத்துக்கோங்க"ன்னாரு.

சொல்லிட்டாரு தம்பி! அவரு வாயால சொல்லிட்டாரு. இருபத்திமூணு வருசம்!

அப்ப இவ எந்திரிச்சு நின்னா. "இவருக்கு அன்னைக்கே தெரியுமுங்க. ஸ்டேஷன்லயே பாத்துட்டாரு. அந்த இடது குழல் வெடிச்சிரும்னும் தெரியும். தெரிஞ்சுதான் ஒன்பது நாளு உக்காந்திருந்தோம். நானுந்தான்"னா.

கட்டுன பொண்டாட்டி. ஒருத்தரு வாசல்ல வெச்சு.

நஞ்சப்பன் சத்தம் போடுவாருன்னு பாத்தேன். போடல. போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். என்னையவே பாத்தாரு. பொறவு, "வெடிச்சா எந்தக் கைங்க போயிருக்கும்?"ன்னு கேட்டாரு.

"இடதுங்க"ன்னேன். வேற என்ன சொல்றது?

அவரு இடது கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பின்ன அந்தக் கையாலயே என்ற பைய எடுத்து, கித்தான் வார முடிச்சுப் போட்டு, என்ற தோள்ல மாட்டி விட்டாரு. "பாத்துப் போங்க"ன்னாரு. அவ்வளவுதான். எங்கள அடிச்சிருந்தாக் கூட எனக்கு அவ்வளவு கூசியிருக்காது.

அன்னையிலிருந்து இவ என்கிட்டப் பேசறதில்ல. கோவிச்சுக்க வேண்டியது நானு. ஒரே மூச்சுல என்ற இருபத்திமூணு வருசத்த ஒடச்சவ அவ. நான் பேசாம இருக்கோணும், அவ இருக்கறா.

சித்த இப்படித் தள்ளி உக்காருங்க. மெதுவாச் சொல்றேன், அடுப்படிக்குக் கேக்கும். உங்க லைசென்ஸ்ல இன்னொரு துப்பாக்கிக்கு எடமிருக்குதுன்னு போன்ல சொன்னீங்களே. நீங்க ஒரு எட்டு கொழிஞ்சிக்காடு போயிட்டு வர்றீங்களா? பயிர் போன ஆளு. வெதைப்பு வருது, கையில ஒண்ணும் இருக்காது. இப்பக் கேட்டாக் குடுத்துருவாரு, இன்னும் ஒரு மாசம் போனா மாட்டாரு. பேரம் பேசாதீங்க, நெம்ப நல்ல மனுசன், கேக்கறதக் குடுத்துருங்க. என்ற பேரு மட்டும் சொல்ல வேண்டாம். பொறவு நாம பேசி என்ற லைசென்ஸுக்கு மாத்திக்கலாம்.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? எனக்கும் மனசு இருக்குதுங்க. அவரு கையத் திருப்பித் திருப்பிப் பாத்தது தூக்கத்துல கூட வருது. அதுக்காக ஒரே ஆளு செஞ்சத, ஒண்ணா இருக்கோணும்னு செஞ்சத, ஒண்ணு அங்கயும் ஒண்ணு இங்கயுமாப் பிரிச்சு வெக்கறது பாவமில்லீங்களா?